விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுதுவது எப்படி?

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம்

 

ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்ததும் நம் கடைத்தெருவில் ஒரு காட்சியைக் காணலாம். கல்லாப்பெட்டியின் ஓரத்தில் அமர்ந்து பிள்ளை மேற்படிப்புக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ விண்ணப்பம் நிரப்பிக் கொண்டிருக்கும். முன்பு காகிதத்தில் நிரப்பியதை இப்போது கணினியில் நிரப்புகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் தொழில், குடும்ப வருமானம், பெற்ற மதிப்பெண் எல்லாம் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசியில் ஒரு வெற்றிடம் வரும். உன்னைப் பற்றி எழுது, இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய் என்று அங்கே கேட்டிருக்கும். அந்த இடத்தில் பிள்ளையின் கை நின்றுவிடும். தகப்பனாரைப் பார்க்கும். தகப்பனார் தெருவைப் பார்ப்பார். பிறகு இருவருமாக, இதை எழுதித் தரக்கூடிய ஆள் யார் என்று தேடப் புறப்படுவார்கள்.

அப்படித் தேடப் புறப்படுவதுதான் தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் மதரஸாவில் ஓதியவன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஜார்ஜ்டவுனில் ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் வந்தால் பிள்ளைகளைக் கொண்டுதான் படிக்கச் சொல்வேன். ஆயினும், இந்த விஷயத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். என் தவறினால் என் மூத்த மகளுக்கு ஓர் ஆண்டு வீணாயிற்று. அந்த நஷ்டத்தில் கற்ற பாடத்தை மற்றவர்களும் நஷ்டமின்றிப் பெறட்டும் என்பதே என் நோக்கம்.

நடந்தது இது

என் மகள் 2023ஆம் ஆண்டில் ஓர் அறநிலையத்தின் உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்தாள். பார்மஸி என்னும் மருந்துப் படிப்பு படிக்க வேண்டுமென்பது அவள் விருப்பம். தன்னைப் பற்றி அவளே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதில் நம் கடையைப் பற்றி இருக்கிறதென்று தெரிந்ததும் எனக்கு மனம் ஒப்பவில்லை. "கடையைப் பற்றி எழுதாதே அம்மா, இளப்பமாக நினைப்பார்கள்" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. நன்றாக எழுதக்கூடியவர் என்று பலர் சொன்ன ஒருவரிடம் 150 வெள்ளி கொடுத்து ஒரு கடிதம் வாங்கி வந்தேன். படித்துக் காட்டியபோது எனக்கே பிரமிப்பாக இருந்தது. சமுதாயத் தொண்டு, தலைமைப் பண்பு, உலக முன்னேற்றம் என்று பெரிய சொற்களெல்லாம் அதில் இருந்தன. என்னைச் சில்லறை வணிகத் துறையின் தொழிலதிபர் என்று குறித்திருந்தார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அங்கே இருந்த ஓர் அம்மையார் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எளியவர்களிடையே தொண்டு செய்தேன் என்று எழுதியிருக்கிறாயே, யாருக்கு, என்ன செய்தாய்?" என்று அன்பாகவே கேட்டிருக்கிறார். பிள்ளைக்குப் பதில் வரவில்லை. அவள் எழுதாத வரிக்கு அவள் எப்படிப் பதில் சொல்வாள்? அடுத்து, "உன் தகப்பனார் என்ன தொழில் செய்கிறார்?" என்றார்களாம். "தொழிலதிபர்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாளாம்.

இடம் கிடைக்கவில்லை. அன்றிரவு அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "கடை என்று சொல்லியிருந்தால் எனக்குப் பேச நிறைய இருந்தது அத்தா." அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன், தனக்குச் சோறு போட்ட தொழிலைத் தன் மகள் வாயால் மறைக்க வைத்தேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மதிப்பெண் இருக்கக் கடிதம் எதற்கு?

பலர் இப்படிக் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தக் கேள்வி சரியானதே. 1885ஆம் ஆண்டில் இந்நாட்டு நீரிணைக் குடியேற்றங்களில் 'குயின்ஸ் ஸ்காலர்ஷிப்' என்ற உபகாரச் சம்பளம் ஏற்பட்டபோது பரீட்சையே அதற்கு வழியாக இருந்தது. நம் பினாங்கில் ஒரு தட்டாரின் மகனாகப் பிறந்து, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்த டாக்டர் வூ லியென் தே 1896இல் அந்தப் பரீட்சையில் வென்றுதான் கேம்பிரிட்ஜுக்குப் போனார். பிற்காலத்தில், 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளை நோயை அடக்கி உலகப் புகழ் பெற்றவர் அவரே. நகைக் கடையில் பிறந்தவர் என்பது அவருக்கு ஒரு குறையாகவில்லை என்பதையும் இங்கே கவனிக்க.

இன்றும் நம் நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் புள்ளிக் கணக்கே பேசுகிறது. படிப்பு மதிப்பெண்ணுக்கு நூற்றுக்குத் தொண்ணூறும், புறப்பாட நடவடிக்கைக்குப் பத்துமாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் உபகாரச் சம்பளம் என்று வரும்போது கதை வேறு. எல்லாப் பாடத்திலும் 'ஏ' பெற்ற பிள்ளைகள் பலர் ஒரே மேஜைக்கு வந்து சேர்கிறார்கள். மதிப்பெண்ணைக் கொண்டு அவர்களைப் பிரிக்க முடியாது. ஆகவே, இந்தப் பிள்ளை எப்படிப்பட்டது, கொடுக்கும் பணம் வீண் போகுமா பயன்படுமா என்பதை அறியவே கடிதம் கேட்கிறார்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் கேட்கின்றன. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் சேர 'யூகாஸ்' என்ற பொது நிறுவனத்தின் வழியாக மனுச் செய்ய வேண்டும். அங்கே இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துக் குறிகளுக்குள் எழுத வேண்டும். முன்பு ஒரே தொடர்க் கட்டுரையாக இருந்ததை, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய். படித்த படிப்பு இதற்கு உன்னை எப்படித் தயார் செய்தது. படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்படும் என்பனவே அம்மூன்று. ஒவ்வொன்றுக்கும் 350 குறிகளுக்குக் குறையக் கூடாது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான 'காமன் அப்ளிகேஷன்' என்ற மனுவில் கட்டுரை 650 சொற்களுக்கு மேற்படக் கூடாது. மூன்றாவது கேள்வியை மட்டும் மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே கேட்டது போல் இருக்கிறதல்லவா? பள்ளி விட்டதும் கடைக்கு வந்து நிற்கும் பிள்ளைக்கு அங்கே எழுத விஷயமில்லை என்றால் வேறு யாருக்கு இருக்கும்?

படிப்பவர் எதைப் பார்க்கிறார்?

இது நமக்குப் புதிய வித்தையன்று. கடையில் வேலை கேட்டு ஒரு வாலிபன் வருகிறான். "நான் நாணயமானவன், சுறுசுறுப்பானவன், உழைப்பாளி" என்கிறான். உடனே வேலை கொடுத்துவிடுகிறோமா? இல்லை. "முன்பு எங்கே இருந்தாய்? என்ன வேலை பார்த்தாய்? ஏன் விட்டாய்?" என்று கேட்கிறோம். "ஒரு துணிக்கடையில் இரண்டு வருஷம் இருந்தேன்; சாவி என்னிடந்தான் இருந்தது" என்று ஒருவன் சொன்னால், நாணயம் என்ற சொல்லை அவன் சொல்லாமலே நாம் விளங்கிக்கொள்கிறோம்.

அரிசி வாங்கும்போதும் அப்படித்தான். மூட்டையின் மேல் அச்சிட்ட பெயரைப் படித்துவிட்டு வாங்குவதில்லை. உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம். தேர்வுக் குழுவினரும் அந்த ஒரு பிடியைத்தான் தேடுகிறார்கள். 'தலைமைப் பண்பு உடையவள்' என்பது மூட்டையின் மேல் அச்சிட்ட பெயர். நடந்த ஒரு காரியத்தை நடந்தபடி சொல்வதே உள்ளே இருக்கும் அரிசி.

இரவல் கதை அகப்பட்டுக்கொள்ளும்

2007ஆம் ஆண்டில் மேற்சொன்ன யூகாஸ் நிறுவனத்தார், மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளுக்கு வந்த சுமார் 50,000 விண்ணப்பங்களைக் கணினி கொண்டு ஒத்துப் பார்த்தார்கள். எட்டு வயதில் இரசாயன விளையாட்டுப் பெட்டியை வைத்துச் சோதனை செய்து, தன் இரவு உடையில் ஓட்டை விழச் செய்ததாக ஒருவர் இருவர் அல்ல, 234 பேர் எழுதியிருந்தார்களாம்! தள்ளாத வயதுப் பாட்டனாரைப் பற்றிய ஒரே விதமான வாசகம் 175 பேரிடம் இருந்தது. மனித உடல் இயங்கும் விதம் தன்னைக் கவர்ந்தது என்று ஒரே மாதிரித் தொடங்கியவர்கள் 370 பேர். மாதிரிக் கடிதங்களைப் பார்த்து எழுதியதன் விளைவு இது. முதன்முதல் அந்த உடையில் ஓட்டை போட்ட பிள்ளை ஒன்று இருந்திருந்தால், அதன் உண்மைக் கதையும் இந்தக் கூட்டத்தில் பொய்யாகப் போயிருக்கும். பாவம்!

இப்போது இன்னொரு வசதி வந்திருக்கிறது. கைப்பேசியில் இரண்டு வரி கேட்டால், செயற்கை அறிவு இயந்திரம் ஒரு நிமிஷத்தில் முழுக் கடிதமும் எழுதித் தந்துவிடுகிறது. நான் 150 வெள்ளி கொடுத்து வாங்கியது இன்று இனாமாகக் கிடைக்கிறது. ஆனால் தவறு அதே தவறுதான். உங்கள் பிள்ளை கடையில் நின்றதை அந்த இயந்திரம் பார்க்கவில்லை. பார்க்காதவர் சொல்லும் சாட்சியத்தை எந்த நீதிபதி ஏற்பார்? இயந்திரம் எழுதியதைத் தன் சொந்த எழுத்தாகக் கொடுத்தால் அது ஏமாற்றாகக் கருதப்படலாம் என்று யூகாஸ் எச்சரித்தும் இருக்கிறது.

நம்மவர் ஒருவரின் முன்மாதிரி

தன்னைப் பற்றி எழுதுவது வெள்ளைக்காரர்கள் வழக்கம், நமக்கு வராது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. மலாய் இலக்கியத்தில் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வழி காட்டியவர் மலாக்காவில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா. அவருடைய பாட்டனாரின் தகப்பனார் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்து வாழ்ந்தவர். சூலியா தெருவில் நாகூர் தர்காவை வைத்திருக்கும் நமக்கு இந்த உறவு புரியும். அப்துல்லா சிறு வயதில் தமிழும் கற்றார். மலாக்காவில் வியாபாரக் கணக்குகளுக்குத் தமிழ் வேண்டியிருந்த காலம் அது. பிறருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துச் சம்பாதித்தார். கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்ததால்தான் 'முன்ஷி' என்ற பட்டம் வந்தது. பின்பு ராஃபிள்ஸ் துரையின் அலுவலகத்தில் எழுத்தராகவும் இருந்தார்.

அவர் 1843இல் எழுதி முடித்து, 1849இல் சிங்கப்பூரில் அச்சான 'ஹிக்காயத் அப்துல்லா' என்ற நூல் ஏன் இன்றும் பேசப்படுகிறது? அதற்கு முந்திய மலாய்க் கதைகள் பெரும்பாலும் அரசர்களையும் அற்புதங்களையும் பற்றியவை. இவரோ 'நான் கண்டேன், நான் செய்தேன்' என்று எழுதினார். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுத்த தண்டனைகளை ஒவ்வொன்றாக விவரித்தார். ராஃபிள்ஸ் துரையை வெறும் புகழுரையால் மூடாமல், அவர் எப்படி இருந்தார், எப்படி வேலை செய்தார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தபடி எழுதினார். கண்ணால் கண்டதைக் கண்டபடி சொன்னதே அவர் எழுத்தின் பலம். மற்றவருக்காகக் கடிதம் எழுதிப் பிழைத்த மனிதர், தன் கதையை மட்டும் தானே எழுதினார் என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

எழுதும் முறை

இனி முறைக்கு வருவோம். என் மகளுக்கு அவளுடைய பள்ளி ஆசிரியை ஒருவர் சொல்லிக் கொடுத்ததையும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, கேள்வியைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் கேட்பது வேறு. 'ஏன் இந்தப் படிப்பு?' என்பதற்கு 'என் குடும்பக் கஷ்டம்' பதிலாகாது. சீனி கேட்டவருக்கு உப்பு நிறுத்துக் கொடுத்தால், எவ்வளவு நல்ல உப்பானாலும் வாங்குவாரா?

இரண்டாவது, எழுதுமுன் பட்டியல் போட வேண்டும். சென்ற மூன்று நான்கு ஆண்டுகளில் தானே செய்த காரியங்கள், தான் தீர்த்த சிக்கல்கள், தான் செய்த பிழைகள் ஆகியவற்றைச் சிறு சிறு வரிகளாகக் குறித்து வைக்கட்டும். வீட்டில் தெரிந்த மொழியிலேயே குறிக்கலாம். அம்மாவிடம் வாயால் சொல்லிப் பார்க்கலாம். எந்த இடத்தில் அம்மா "அப்புறம்?" என்று கேட்கிறார்களோ அதுவே எழுதத்தக்க இடம்.

மூன்றாவது, பட்டியலில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்துச் சாமான்களை ஒரே பொட்டலத்தில் கட்டினால் பொட்டலம் கிழியும்.

நான்காவது, எடுத்துக்கொண்டதை நான்கு படியாகச் சொல்ல வேண்டும்: என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், அதனால் என்ன தெரிந்துகொண்டேன், அது இந்தப் படிப்போடு எப்படிச் சேருகிறது. இந்நான்கில் மூன்றாவதையும் நான்காவதையும் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் கதை இருக்கும், காரணம் இராது.

ஐந்தாவது, எண், இடம், காலம் ஆகியவற்றைச் சரியாகக் குறிக்க வேண்டும். 'பலருக்கு உதவினேன்' என்பதைவிட 'பதினொரு பேருக்கு' என்பது நம்பத் தகுந்தது. ஆனால் பதினொன்றை முப்பதாக்கக் கூடாது. நேர்முகத்தில் முப்பதுக்கும் கணக்குக் கேட்பார்கள்.

ஆறாவது, துன்பத்தை விற்கக் கூடாது. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நம்மில் பலருக்குக் கடை நஷ்டம், கடன் தொல்லை எல்லாம் வந்தன. அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அந்த நாட்களில் தான் என்ன செய்தேன் என்பதற்கு வந்துவிட வேண்டும். குழுவினர் பார்க்க விரும்புவது வந்த துன்பத்தை விட அதன் எதிரே நின்ற பிள்ளையைத்தான்.

ஒரு மாதிரி

மறு ஆண்டு, அதாவது 2024இல், என் மகள் தானே எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை அவள் அனுமதியோடு தமிழில் தருகிறேன். இதைப் பார்த்து எழுதுவதற்காகத் தரவில்லை. சாதாரண விஷயம் எப்படிப் பலம் பெறுகிறது என்று காட்டவே தருகிறேன்.

"எங்கள் மளிகைக் கடைக்கு வரும் வயதானவர்கள் சிலர் ஆஸ்பத்திரி மருந்துப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுவருவார்கள். அதன்மேல் மலாயில் எழுதியிருப்பதை நான் தமிழில் சொல்வேன். 'செபெலும் மக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன் என்று சொல்லி அனுப்புவேன். ஒரு நாள் ஒரு பாட்டி, வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிட்டதென்று திரும்பி வந்தார். அன்று முதல் பொட்டலத்தில் படம் வரையத் தொடங்கினேன். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை, சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறுந்தட்டு, பின் என்றால் சோறு வைத்த தட்டு. பதினொரு பேர் இப்படி என்னிடம் வந்தார்கள். ஒருமுறை, ஒரே நிறத்தில் இருந்த இரண்டு பொட்டலங்களுக்குப் படத்தை மாற்றி வரைந்துவிட்டேன். அந்தப் பெரியவரின் மகன் பார்த்துச் சொன்னதால் தீங்கு நேரவில்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது போதாது, உள்ளே இருப்பது உடலில் என்ன செய்கிறது என்பதை அறிந்தவரே இந்த வேலையைச் செய்யலாம் என்று விளங்கிக்கொண்டேன். நான் பார்மஸி படிக்க விரும்புவது அதனால்தான்."

பாருங்கள். இதில் தொண்டு என்ற சொல் இல்லை. பொறுப்புணர்ச்சி என்ற சொல்லும் இல்லை. ஆனால் இரண்டும் இருக்கின்றன. தன் பிழையை மறைக்காமல் சொன்ன இடத்தில்தான் கடிதம் கனம் பெறுகிறது. பிழை செய்தேன் என்று சொல்லி அங்கேயே நின்றிருந்தால் அது பலவீனம். அதனால் கற்றது இன்னது என்று சொன்னதால் அதுவே காரணமாயிற்று.

அந்த முறை நேர்முகத்தில் இருபது நிமிஷம் மருந்துப் பொட்டலங்களைப் பற்றியே பேசினார்களாம். அவள் தடுமாறவில்லை. தன் கையால் செய்ததைச் சொல்வதற்கு மனப்பாடம் எதற்கு? அல்ஹம்துலில்லாஹ், உபகாரச் சம்பளம் கிடைத்தது. முழுத் தொகையும் இல்லை, பாதிதான். மீதியை இந்தக் கடை பார்த்துக்கொள்கிறது.

இந்தக் காரியங்களெல்லாம் என் கடையில், என் கண் முன்னால் நடந்தவை. பேனாவை எடுத்துப் பொட்டலத்தில் ஏதோ கிறுக்குகிறாள் என்று நினைத்தேனே தவிர, என்னவென்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தகப்பன்மாருக்கு

நாம் செய்யத்தக்கதும் உண்டு, தகாததும் உண்டு. கடை எந்த ஆண்டில் தொடங்கியது, வாப்பா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று பிள்ளை கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும் முன்பே இரண்டு வாரம் மாலை நேரத்தில் கல்லாவை விட்டு விடுதலை கொடுங்கள். எழுத்துப் பிழையையும் இலக்கணப் பிழையையும் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. ஆனால் விஷயத்தை மாற்ற யாரையும் விடாதீர்கள், முக்கியமாக உங்களையே விடாதீர்கள். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் மளிகைக் கடை என்றால் மளிகைக் கடை என்றே எழுதட்டும். நாசி கண்டார் கடை, பணமாற்றுக் கடை, துணிக்கடை, எதுவானாலும் அப்படியே இருக்கட்டும். ஹலாலான சம்பாத்தியத்துக்கு மாற்றுப் பெயர் வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு

எழுதி முடித்ததும் இரண்டு நாள் ஆறப் போடுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். ஒவ்வொரு வரியையும் தொட்டு, 'இதை வேறொரு பிள்ளையும் எழுதியிருக்க முடியுமா?' என்று கேளுங்கள். முடியுமானால் அடித்துவிடுங்கள். சொல் அளவைத் தாண்டாதீர்கள். ஒரு நிறுவனத்துக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அனுப்பும்போது பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் சீட்டை இன்னொருவரிடம் நீட்டுவது போன்ற அவமானம் அது. அனுப்பியதற்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, நேர்முகத்துக்குப் போகுமுன் அதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம். கேட்பவர் பலர், கொடுக்கும் இடம் சில. ஆனால் தன் கையால் எழுதிய கடிதம் வீண் போவதில்லை. அதை எழுதும்போது, தான் யார், எதை விரும்புகிறேன் என்று பிள்ளைக்கே முதன்முதலாகத் தெரியவருகிறது. அது அடுத்த மனுவுக்கு உதவும், வேலைக்கு மனுச் செய்யும்போதும் உதவும்.

இந்த ஆண்டு தேர்வு முடிவு வந்து, உங்கள் பிள்ளை கல்லா ஓரத்தில் அமர்ந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால், எழுதித் தர ஆள் தேடி எழுந்து போகாதீர்கள் சகோதரர்களே. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் கடையில் நீ என்ன பார்த்தாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பொறுத்திருங்கள்.